யாருக்குக் கால்கட்டு?

ஆண்பிள்ளை பொறுப்பில்லாமல் சுற்றினால், "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்பார்கள் எங்கள் செந்துறைப் பக்கத்தில். கட்டு அவன் காலுக்கு என்றுதான் பேச்சு. ஆனால் கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம் அவன் திருப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பியிருப்பான். வீட்டில் கட்டுண்டு நிற்பது வந்தவளின் கால். பிள்ளை பிறந்துவிட்டால் அந்தக் கட்டு இன்னும் இறுகும்.

பிறர் பிள்ளைகளை வளர்த்த பெண்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வருகிறது. யார் வந்து போனார்கள், யார் இருந்து பார்த்தார்கள், யாருடைய பெயர் எழுதப்பட்டது? கிறித்தவர்கள் குழந்தைகளுக்குச் செய்த தொண்டைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைப் பேச்சுதான் இருக்கிறது. ஒன்று, கடல் தாண்டி வந்த தியாகிகளின் புகழ். இன்னொன்று, மதம் மாற்ற வந்தார்கள் என்ற வசை. இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால் இரண்டு பேச்சிலும் விடுபட்டுப்போன பெண்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

எங்கள் ஊரில் மே மாதம் இரண்டு காரியங்களுக்கான காலம். ஒன்று முந்திரி. அறுவடை முடிகிற அந்த நாட்களில் விடியும் முன்பே பெண்கள் முந்திரிக்காட்டுக்குப் போய்க் கொட்டை பொறுக்குவார்கள். இன்னொன்று விடுமுறை வேதாகமப் பள்ளி. எல்லோர் வாயிலும் அது வி.பி.எஸ். பத்து நாள் நடக்கும். கைகால் ஆட்டிப் பாடும் பாட்டு, படம் காட்டிச் சொல்லும் கதை, மனப்பாட வசனம், காகித வேலை, கடைசியில் பன்னும் ரஸ்னாவும். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் கிறித்தவர்கள் அல்லர். ஆனாலும் பிள்ளைகள் எல்லோரும் போவோம். "சாமி எதுவா இருந்தா என்னடி, மத்தியானம் வரைக்கும் புள்ளைங்க ஒரு எடத்துல இருக்குமில்ல" என்பாள் என் ஆயா. காடு போகும் பெண்களுக்கு அந்தக் கொட்டகை ஒரு பிள்ளைக் காப்பகம். அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் கல்லூரி விடுமுறையில் வந்த பெண்கள். அவர்களை நாங்கள் அக்கா என்றோம். சம்பளம் கிடையாது, ஊழியம் என்று பெயர். இதே காரியத்துக்காகக் கடல் கடந்து வருகிறவர்களுக்குத்தான் தன்னார்வலர் என்ற பெயர் கிடைக்கிறது.

இந்தக் கோடைப் பள்ளியின் தொடக்கமும் ஏறக்குறைய இப்படித்தான். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தெருவில் திரிவதைப் பார்த்த ஒரு மருத்துவரின் மனைவி, மதுக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தினமும் வகுப்பு நடத்தினார். அவர் ஹாஸ் அம்மையார். பழைய குறிப்புகள் பலவற்றில் அவர் கணவரின் பெயரோடு சேர்த்து 'திருமதி' என்றுதான் வருகிறார். 1901இல் ராபர்ட் போவில் என்ற போதகர் இந்த ஏற்பாட்டை நகரின் மற்றப் பகுதிகளுக்கும் விரிவாக்கினார். இயக்கத்தை நிறுவியவர் என்று பல இடங்களில் அறியப்படுபவர் அவர்தான்.

அதே 1901இல் தமிழ்நாட்டின் தென்கோடியில் வேறொன்று தொடங்கியது. ஏமி கார்மைக்கேல் 1867இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே பணியாற்றினார். தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்த அந்தப் பெண்களைத் தேவாலயத்தின் கண்ணியவான்கள் விரும்பவில்லை. ஏமி அவர்களுக்கென்று தனிக் கூடம் எழுப்பினார். ஜப்பானில் ஓராண்டு கழித்து, 1895இல் இந்தியா வந்தார். அவர் சேர்ந்து வந்த செனானா மிஷன், பெண்களைப் பெண்களிடம் அனுப்புவதற்காகவே 1880இல் உருவானது. மணமாகாத ஆங்கிலேயப் பெண்ணுக்கு அன்று சொந்த நாட்டில் கிடைக்காத நடமாட்டமும் பொறுப்பும் இங்கே கிடைத்தன. அதற்குப் பேரரசின் நிழலும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டியதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் அவர் தனியாக அலையவில்லை. தமிழ்ப் பெண்கள் சிலர் அவரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள். அவர்களில் ஒருவர் பொன்னம்மாள், இளம் வயதில் கணவரை இழந்தவர். விதவை வாசலைத் தாண்டுவதே அபசகுனம் என்றிருந்த காலத்தில், நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஊர் விட்டு ஊர் போய்ப் பெண்களிடம் பேசுகிற வாழ்க்கை அது. அந்தச் சுதந்திரத்தின் அளவை இன்றைக்கு நாம் ஊகிக்கத்தான் முடியும்.

1901 மார்ச்சில் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி கோயிலைச் சேர்ந்த பெண்களின் வீட்டிலிருந்து தப்பி ஏமியிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன்பே ஒரு முறை தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடு போட்டார்கள். அவளைத் தொடர்ந்து வேறு குழந்தைகளும் வந்தார்கள். டோனாவூரில் ஓர் இல்லம் உருவானது. 1913 வாக்கில் அங்கே சுமார் 130 பேர் இருந்தார்கள். 1918இலிருந்து ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பயணம் நின்றது அப்போதுதான். பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும் என்ற நம் பேச்சை ஏமியே எடுத்து எழுதியிருக்கிறார். ஒரு குழந்தைக்கு இரவில் பால் புகட்டியவரால் மறுநாள் வண்டியேற முடியாது. வந்துபோகிற ஊழியமும் குழந்தை வளர்ப்பும் ஒன்றாக நடக்காது என்று உணர்ந்து, அவர் தன் காலைத் தானே கட்டிக்கொண்டார். 1895இல் வந்தவர் 1951இல் இறக்கும்வரை ஒரு முறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பின் எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி படுக்கையில் கழிந்தது. தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியை வைத்து, தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை அதில் பொறித்தார்கள்.

இதை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் பொன்னம்மாளின் காலையும் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்பதற்காக, அன்று திருவிதாங்கூரிலிருந்த நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு அருகில் ஒரு குழந்தைக் காப்பகம் தொடங்கினார்கள். அதன் பொறுப்பு பொன்னம்மாளுடையது. பால் கலக்குவது, துணி அலசுவது, காய்ச்சலுக்குக் கண்விழிப்பது, வயிற்றுக்கடுப்பு பரவியபோது அடுத்தடுத்து இறந்த சிசுக்களை அடக்கம் செய்வது எல்லாம் அதில் அடங்கும். ஆளில்லாத் திண்ணையிலிருந்து வண்டியேறி உலகம் பார்த்த பெண்ணை இந்த வேலை மறுபடி நான்கு சுவருக்குள் கொண்டுவந்தது. 1915இல் அவர் புற்றுநோயால் இறந்தார். ஏமி அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். நன்றியும் அன்பும் உள்ள நூல். ஆனாலும் பொன்னம்மாள் தன்னைப் பற்றித் தானே எழுதிய நூல் ஒன்று நம் கையில் இல்லை.

டோனாவூரின் உறவுப் பெயர்களில் இன்னொரு செய்தி இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏமி 'அம்மா'. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் 'சித்தி'. தமிழ்ப் பெண்கள் 'அக்காள்'. தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் இதன் படிநிலை சொல்லாமலே புரியும். சித்தி தாயின் தலைமுறை. அவள் சொன்னால் சொன்னதுதான். அக்காள் பிள்ளையின் தலைமுறை. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறவள், தானும் அம்மாவுக்குக் கட்டுப்பட்டவள். ஐரோப்பியர்களும் தமிழர்களும் ஒரே குடும்பமாக வாழ முயன்றது அன்றைய காலனிச் சமூகத்தில் பெரிய மீறல். அந்த மீறலுக்குள்ளும் யார் எந்தத் தலைமுறை என்ற கோடு நகரவில்லை. எங்கள் ஊர்க் கோடைக் கொட்டகையின் பெண்களும் அக்காக்கள்தான் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

அக்காவுக்கும் கீழே, பெயரே இல்லாமல் நிற்பவள் பெற்றவள். மிஷன் நூல்களில் பிள்ளையைக் கொடுத்துவிட்ட தாய் பெரும்பாலும் கல்நெஞ்சக்காரி, அல்லது இருளில் கிடப்பவள். அவள் கையில் என்ன இருந்தது என்று நாம் கேட்க வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் இந்து விதவைக்குப் பராமரிப்புச் செலவைத் தவிரப் பங்கு கிடையாது. 1937இல் வந்த சட்டம்தான் அவளுக்கு ஆயுட்கால உரிமை என்ற அளவிலாவது ஒரு பிடிமானம் தந்தது. தேவதாசி மரபில் சொத்து பெண்வழி இறங்கியதையும், பெண் குழந்தை பிறப்பைக் கொண்டாடியதையும், பெண்கள் எழுத்தும் இசையும் கற்றதையும் அம்ரித் ஸ்ரீனிவாசன் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த மரபு குழந்தைகள்மீது செலுத்திய வன்முறையை இது அழித்துவிடாது. சூடுபட்ட கைகள் உண்மை. ஆனால் பிள்ளையைக் காப்பாற்றும் கதையில் தாயைக் கொடியவளாக்குவது எளிது. அவளுக்கு வேறு வழியில்லாமல் செய்த சொத்துரிமையும் சாதியும் அப்போது விசாரணைக்கு வருவதில்லை.

இதை உள்ளிருந்தே எழுப்பியவர்கள் உண்டு. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அந்த வழக்கத்திலிருந்து தப்பிவந்த சிறுமிகளுக்கு விடுதிகள் இடம் மறுத்தபோது, 1930இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தானே அந்த வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டவர். 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதி, பக்தியின் பெயரால் ஆதாயம் அடைந்த ஆண்களையும் கூண்டில் ஏற்றினார். அந்த நாவலைப் பெண்ணிய நோக்கில் வாசிக்க எஸ். ஆனந்தியின் ஆய்வு நமக்கு உதவுகிறது. மறுபுறம் பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் சமூகப் பெண்களைக் கேட்காமல் அவர்களைப் பற்றிச் சட்டம் இயற்றுவதை எதிர்த்தார். சட்டம் 1947இல் நிறைவேறியது. இவர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்பட்டார்கள். ஆனாலும் இவர்களில் யாரும் பிறர் மீட்க வேண்டிய மௌனப் பெண்கள் இல்லை.

ஏமியின் நூல்கள் வெளிநாட்டில் ஏராளமாக வாசிக்கப்பட்டன. 1909இல் வந்த 'லோட்டஸ் பட்ஸ்' குழந்தைகளின் ஒளிப்படங்கள் நிறைந்த நூல். வெளிப்படையாக நன்கொடை கேட்பதில்லை என்பது டோனாவூரின் கொள்கை. கேட்காமலே உதவி வந்ததில் அந்தப் பக்கங்களுக்கும் பங்கிருக்கும் என்பது என் வாசிப்பு. இன்று அதே வேலையைக் கைப்பேசி செய்கிறது. இரண்டு வாரக் கோடை முகாமுக்காக ஏழை நாடுகளின் குழந்தை இல்லங்களுக்குப் போகும் இளைஞர்கள், குழந்தையை மடியில் வைத்து எடுத்த படத்தோடு திரும்புகிறார்கள். ஏமி புரிந்துகொண்டதை இந்த ஏற்பாடு மறந்துவிட்டது. அன்பாக வந்து, அழவைத்துப் பிரியும் முகங்கள் கோடைக்குக் கோடை மாறுகின்றன. பிள்ளைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அதே பிரிவு.

வறுமையை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. நம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. ஒவ்வொரு இல்லமும் பதிவு பெற வேண்டும் என்கிறது. இதன் பொருள் எளிது: பிள்ளைக்குச் செய்யும் உதவி தாயிடம் போய்ச்சேர வேண்டும்.

ஆகவே முகாமுக்குத் தொண்டாற்றப் போகும் மாணவிகளிடம், போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பத்து நாள் கொட்டகை முந்திரிக்காட்டுப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். அது நல்ல உதவியாக இருந்ததற்குக் காரணம், மத்தியானம் ஆனதும் பிள்ளைகள் தாயிடமே திரும்பியதுதான். பாடிய அக்காவும் பக்கத்து ஊர்க்காரி. மறுநாள் சந்தையில் அவளைப் பார்க்க முடியும். போகும் இடத்தில் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். நாம் கிளம்பிய பிறகு இந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போகும் பெண் யார்? அவளுக்குச் சம்பளம் எவ்வளவு? பிள்ளையைப் பெற்றவள் எங்கே இருக்கிறாள்? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நம் பத்து நாள் பாட்டும் கதையும் யாருக்காக என்பதை யோசிக்க வேண்டும்.

ஏமி தன் காலைக் கட்டிக்கொண்டது அவராகத் தேர்ந்தது. பொன்னம்மாளுக்குத் தேர்வு எவ்வளவு இருந்தது என்பதை அவர் வாயால் நாம் கேட்கவில்லை. பிரீனாவின் தாய்க்கு அதுவும் இல்லை. தொண்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த மூவரையும் ஒரே பக்கத்தில் எழுதப் பழக வேண்டும்.