டால்மேஷன் நாய்களின் யூரிக் அமிலக் கோளாறு

டால்மேஷன் இன நாய்களின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல்லாகப் படியும் பரம்பரைக் குறைபாடு. ஆண் நாயின் சிறுநீர்த் தாரை குறுகலானது. கல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக, நோய்க்கூறுள்ள நாய்களைச் சோதனையில் கண்டறிந்து இனவிருத்தியிலிருந்து விலக்குவார்கள். இங்கே அது பலிக்கவில்லை: தூய டால்மேஷன்கள் அனைத்துமே பழுதான மரபணுவை இரு படிகளாகச் சுமந்தன. எனவே 1973இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரு டால்மேஷனைப் பாயின்டர் இன நாயோடு இணைசேர்த்தார். அந்த வழிவந்த குட்டிகளைத் தலைமுறைதோறும் டால்மேஷன்களோடே சேர்த்தார். புள்ளித்தோல் மீண்டது, நல்ல மரபணுவும் தங்கியது. அதில் ஒரு படி இருந்தாலே போதும், கோளாறு வெளிப்படாது. இருந்தும் அமெரிக்கக் கென்னல் கிளப் இவ்வழி நாய்களை ஏற்க 2011 ஆயிற்று. பழுதான மரபணு 2008இல் அடையாளம் காணப்பட்டதால், இன்று கன்னத்தின் உட்புறம் தடவியெடுத்த மாதிரியிலேயே குட்டியைச் சோதித்துவிடலாம்.