துள்ளிசையில் கூற்று

இலங்கைத் தமிழ்ப் பாப் பாடல்களை (அங்கே 'பொப்' என்றும் 'துள்ளிசை' என்றும் சொல்வார்கள்) நம் விமர்சகர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சுற்றுலா பஸ்ஸில் கைதட்டிப் பாடுவதற்கானவை என்று ஒதுக்கிவிட்டோம். இந்த அலட்சியத்தில் ஒரு வடிவத்தின் சரித்திரமே நம் கவனத்துக்கு வராமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

தாளத்தின் மூலம் போர்த்துக்கீசியர். 1505-ல் இலங்கைக்கு வந்தவர்கள். அவர்கள் மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. பறங்கியரிடமும் ஆப்பிரிக்க வழியினரிடமும் தங்கி, சிங்களத்தில் பைலாவாகிய அந்த ஆறெட்டுத் தாளத்தில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் தமிழை ஏற்றினார்கள்.

சினிமாப் பாட்டுக்குச் சந்தர்ப்பத்தைப் படம் கொடுத்துவிடுகிறது. பாடுகிறவன் யார், ஏன் பாடுகிறான் என்பது கொட்டகையில் இருப்பவனுக்கு முன்பே தெரியும். துள்ளிசைக்குத் திரை கிடையாது. சில நிமிஷங்களுக்குள் ஆளையும் இடத்தையும் பாட்டே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நித்தி கனகரத்தினம் இதற்குக் கண்ட வழி விளி. 'சின்ன மாமியே'யில் வர்ணனை இல்லை. ஒருவன் மாமியைக் கூப்பிட்டு மகளைப் பற்றிக் கேட்கிறான். மாமி பதில் சொல்கிறாள். மகள் வாய் திறப்பதேயில்லை. அவளைப் பற்றிய பேச்சிலிருந்தே ஒரு யாழ்ப்பாணத்து முற்றம் எழும்பிவிடுகிறது. அகப்பாட்டின் கூற்றுமுறைக்கு இது அவ்வளவு தூரமில்லை (புலவர்கள் மன்னிக்க). மூன்று மூன்றாக விழும் அடி பேச்சுத்தமிழின் நீட்டல் குறுக்கலை இடறாமல் வாங்கிக்கொள்கிறது. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யும் ஒருவனை நிறுத்திவைத்துப் பேசுவதுதான். புத்திமதி சலிக்காததற்குக் காரணம், தாளம் குடிப்பவன் கட்சியில் இருப்பது.

மனோகரன் பாடிப் பரவிய 'சுராங்கனி'யில் கதை என்று பார்த்தால், அவளுக்கு மீன் வந்திருக்கிறது, அவ்வளவே. விசேஷம் மொழியில். குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டுக்குத் தெலுங்கில் விலை தொடங்கி, கன்னடத்தில் இழுத்து, தமிழில் முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதை ஒருமைப்பாடு என்று சொல்லிக்கொள்வதில்லை. 'சுராங்கனி'யின் சிங்களமும் தமிழும் இப்படிச் சேர்ந்தவைதான். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அந்தப் பாட்டு இங்கே வந்தது. கொண்டாட்டம் கூடியது, விளி போயிற்று. சிங்களச் சொற்கள் வெறும் ஓசையாகிவிட்டன. சுராங்கனி யாரென்று கேட்க ஆளில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் இலங்கையில் தமிழர்மீது வன்முறை. 1983-ல் அதைவிடக் கொடியது. நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் நம் சினிமாவில் சில்லறை வேஷங்கள் கட்டி, 2018-ல் சென்னையில் காலமானார்.