எண்ணெய் விலையும் இழப்பின் எல்லையும்



புறக்கோட்டையிலே மொத்த வியாபாரம் செய்து பழகிய முதலாளி ஒருவர், வெங்காயத்தை மூடைமூடையாக வாங்கிக் குவிக்குமுன், விலை எவ்வளவு ஏறும் என்று கனாக் காண்பதில்லை. எவ்வளவு இறங்கினால் தம் கடை தாங்கும் என்பதையே முதலிற் கணக்கிடுவார். மசகு எண்ணெய் வாணிபத்திலும் முதற்கணக்கு அதுவே. அக்கணக்குத் தவறிய வரலாறொன்று நம் நாட்டிலேயே உண்டு.

1961ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், உலகச் சந்தையில் விலை ஏறுந்தோறும் அல்லற்பட்டு வந்தது. ஆகவே 2007ஆம் ஆண்டு தொட்டு, விலையேற்றத்துக்கு எதிரான காப்பாக, ஐந்து வங்கிகளுடன் ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. 'ஹெட்ஜிங்' என்ற சொல் நம் பத்திரிகைகளிற் பழக்கமானது அக்காலத்திலேதான். காப்புறுதி செய்பவன் கட்டணம் செலுத்துகிறான். இங்கோ கட்டணமே இல்லை. இலவசம் என்றால் எவருக்குத்தான் கசக்கும்? ஆனால் விலை குறித்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால், கூட்டுத்தாபனமே வங்கிக்குப் பணம் கொடுத்தல் வேண்டும். செலுத்தாத கட்டணம் அங்கேதான் ஒளிந்திருந்தது.

ஜேர்மனிய நாட்டின் டொய்ச்சே வங்கியுடன் 2008 யூலை 8ஆம் நாள் செய்த ஒப்பந்தத்தைச் சிறிது நிதானமாக நோக்குவோம். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு 1,00,000 பீப்பாய், குறித்த விலை 112.50 டொலர். விலை அதற்கு மேற்சென்றால் வங்கி கொடுக்கும். ஆனால் வங்கி கொடுக்கக்கூடிய மொத்தத் தொகை 25 இலட்சம் டொலருக்கு மேற்படாது. விலை கீழிறங்கினாலோ, கூட்டுத்தாபனம் கொடுக்க வேண்டியதற்கு எல்லையே இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதச் சராசரி 137.50 டொலராக இருந்தால், அந்த ஒரே மாதத்தில் வங்கியின் கடப்பாடு முடிந்துவிடும். விலை 40 டொலராக இறங்கினால், கூட்டுத்தாபனம் ஒரு மாதத்துக்கு மட்டும் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் செலுத்த வேண்டும். மழைக்குக் கைக்குட்டையளவும் வெயிலுக்கு வானளவும் விரிகின்ற விந்தைக் குடை இது!

ஒப்பந்தமான மூன்றாம் நாள், யூலை 11இல், அமெரிக்கச் சந்தையிலே விலை 147 டொலரைத் தாண்டியது. அதுவே உச்சம். பின்னர் உலக நிதி நெருக்கடி வந்தது. திசெம்பரில் விலை 40 டொலருக்கும் கீழே வீழ்ந்தது.

விலை வீழ்ந்தால் எண்ணெயும் மலிவாகத்தானே கிடைக்கும், அதனால் நட்டம் ஈடாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் உலகில் விலை இறங்கியதும், நம் நாட்டிலும் பெற்றோல் விலை இறங்க வேண்டுமென்று மக்கள் எதிர்பார்ப்பர். அதே திசெம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு லீற்றர் பெற்றோலை 100 ரூபாய்க்கு விற்குமாறு பணித்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலிவின் பயனை மக்களுக்கு அளிப்பதா, வங்கிகளுக்கு அளிப்பதா? ஒரே பணத்தை இருவருக்குக் கொடுத்தல் இயலாது. தனித்தனியே பார்க்கையில் தாங்கக்கூடியதாகத் தோன்றும் ஒப்பந்தங்களையும், ஒரே திசையில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால், அவை யாவும் ஒரே நாளிற் சரியும்.

நவம்பர் 28இல் உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குப் பணம் செலுத்துவதை இடைநிறுத்தியது. திசெம்பர் 3இல் டொய்ச்சே வங்கி ஒப்பந்தத்தை முடிவுறுத்தியது. பன்னிரண்டு மாதத்துக்கென்று எழுதப்பெற்றது, ஐந்து மாதமும் நிறையவில்லை.

வழக்குகள் கடல் கடந்தன. சிற்றி வங்கியின் கோரிக்கை தோற்றது. ஆனால் ஸ்ராண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்குச் சார்பாக லண்டன் நீதிமன்றம் 2011 யூலையில் தீர்ப்பளித்தது. தொகை ஏறத்தாழ 16 கோடி டொலர். சூதாடும் அதிகாரம் தனக்கில்லை என்ற கூட்டுத்தாபனத்தின் வாதம் அங்கே எடுபடவில்லை. 2012 ஒக்டோபரில், முதலீட்டுப் பிணக்குகளைத் தீர்க்கும் சர்வதேச நடுவர் மன்றம், டொய்ச்சே வங்கிக்கு ஏறத்தாழ 6 கோடி டொலரும் வட்டியும் வழங்குமாறு இலங்கை அரசுக்குக் கட்டளையிட்டது. அவ்வொப்பந்தத்தால் நாம் பெறக்கூடியதாயிருந்த உச்ச இலாபம் 25 இலட்சம் டொலர்.