பினாங்கின் பட அஞ்சல் அட்டைகள்

பட அஞ்சல் அட்டை வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே பினாங்குத் தீவின் காட்சிகள் அச்சேறிவிட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் ஸ்மித், தீவில் பணியாற்றிய காலத்தில் அதன் மலைகளையும் அருவியையும் கடற்கரையையும் வரைந்தார். இவருடைய பத்துப் பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் தகட்டில் செதுக்க, அவை 1821இல் லண்டனில் வெளியாயின. ஸ்மித்தின் எண்ணெய் ஓவியங்கள் பல இன்று பினாங்கு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விலை மிகுந்த அந்த அச்சுப் படங்கள் செல்வந்தர் வீடுகளை மட்டுமே எட்டின. பினாங்கின் காட்சியைச் சில காசுக்கு எவரும் வாங்கி உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம் என்ற நிலையை அஞ்சல் அட்டையே உண்டாக்கியது.

1869இல் ஆஸ்திரியாவில் அறிமுகமான அஞ்சல் அட்டையில் முதலில் படம் இல்லை. பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1877இல் உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தன. தனியார் அச்சிடும் பட அட்டைகளை 1894இல் பிரிட்டன் அனுமதித்தது. சிங்கப்பூரில் ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம் 1890களின் இறுதியில் பட அட்டைகளை வெளியிட, பினாங்குக் காட்சிகளும் அதையொட்டி விற்பனைக்கு வந்தன. 1880களிலேயே பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் படக்கூடம் நடத்திய ஜெர்மானியர் ஆகஸ்ட் கௌல்ஃபுஸ் எடுத்த படங்கள் தொடக்ககால அட்டைகளில் முக்கியமானவை. பின்னர் உள்ளூர்க் கடைக்காரர்களும் இத்தொழிலில் இறங்கினார்கள். அவர்களில் எஸ்.எம். மாணிக்கம் என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. அந்தப் பெயர் அச்சிட்ட அட்டைகள் சேகரிப்பாளர்களிடம் இன்றும் கைமாறுகின்றன.

வெளியிட்டவர் பினாங்கில் இருந்தாலும் அச்சுவேலை பெரும்பாலும் ஜெர்மனியில் நடந்தது. கருப்பு வெள்ளைப் படம் கப்பலில் போகும். வண்ண அட்டைகளாகத் திரும்பி வரும். பினாங்கைக் கண்ணால் கண்டிராத அச்சகத் தொழிலாளர்கள் வானத்துக்கும் சேலைக்கும் ஓட்டுக்கூரைக்கும் தங்களுக்குத் தோன்றிய நிறத்தைக் கொடுத்தார்கள். அதனால் இவ்வகை அட்டையில் கட்டடத்தின் வடிவத்தை நம்பலாம்; நிறத்தை நம்ப முடியாது. 1914இல் மூண்ட முதல் உலகப் போர் இந்த வழியை அடைத்தது. அதற்குப் பின், குறிப்பாக 1920களிலும் 1930களிலும், ஒளிப்படத் தாளிலேயே நேரடியாகப் பிரதி எடுத்த அட்டைகள் பெருகின. நிறமில்லாவிட்டாலும் நுணுக்கத்தில் அவை மேலானவை.

அட்டைகளில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் பெரும்பாலும் கப்பல் பயணிகள் ஒரே நாளில் பார்த்துத் திரும்பக்கூடியவை: வெல்ட் கீ கப்பல்துறை, கார்ன்வாலிஸ் கோட்டை, மணிக்கூண்டு, தாவரப் பூங்காவும் அருவியும், ஆயர் ஈத்தாமின் கெக் லோக் சி கோவில், பினாங்குக் கொடிமலை. ஊர் மக்களும் காட்சிப்பொருளானார்கள். செட்டியார், ரிக்‌ஷாக்காரர், சீக்கியக் காவலர் என்று இனமும் தொழிலும் அச்சாயின. ஆளின் பெயர் அச்சாகவில்லை. தமிழர்களைக் குறிக்க ‘கிளிங்’ என்ற சொல்லே வழங்கியது. அதைத் தமிழர்கள் இழிவாகக் கருதினார்கள். இந்துக் கோவில்களும் திருவிழா ஊர்வலங்களும் அட்டைகளில் உண்டு. ஆனால் துறைமுகக் கூலிகளின் குடியிருப்பும் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளும் பயணிகளின் பாதைக்கு வெளியே இருந்ததால் அரிதாகவே படமாயின.

ஓர் அட்டையின் காலத்தைச் சேகரிப்பாளர்கள் இருபுறமும் பார்த்தே கணிக்கிறார்கள். பழைய அட்டைகளின் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியது. அனுப்புபவர் படத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுவார். முகவரிக்கும் செய்திக்குமாகப் பின்புறத்தைக் கோடிட்டுப் பிரிக்கும் முறையை 1902இல் பிரிட்டன் தொடங்கிவைக்க, சில ஆண்டுகளில் மற்ற நாடுகளும் ஏற்றன. அஞ்சல் தலையில் இருப்பவர் விக்டோரியாவா, ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா என்பது அடுத்த தடயம். அஞ்சல் முத்திரை, அட்டை அனுப்பப்பட்ட நாளை மட்டுமே சொல்லும். ஒரே படத்தைப் பல ஆண்டுகள் மறுபடி மறுபடி அச்சிடுவது வழக்கமாதலால், படம் எடுத்த காலம் அதற்கு வெகுமுன்பாகவும் இருக்கலாம்.

அந்தக் காலத்தைப் படமே சொல்ல வேண்டும். விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காகச் செல்வந்தர் சியா சென் இயோக் கொடையளித்த 60 அடி மணிக்கூண்டு 1902இல் முடிந்தது. அது நிற்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் படம் அதற்கு முந்தியது. தெருவில் மின்சார டிராம் ஓடினால் 1906க்கும் 1936க்கும் இடைப்பட்டது. கொடிமலை ரயில் தெரிந்தால் 1923க்கு முன் போகாது. கெக் லோக் சியின் ஏழடுக்குக் கோபுரம் முழுமையாக நின்றால் 1930 அல்லது அதற்குப் பின்.

சந்தையில் அட்டையின் விலையைக் காட்சியின் அரிய தன்மை, மூலை மடங்காத நிலை, அஞ்சல் தலை, முத்திரை ஆகியவை தீர்மானிக்கின்றன. கப்பல்துறையும் தாவரப் பூங்காவும் ஏராளமாகக் கிடைக்கின்றன. சிறு தெருக்களும் கடைவீடுகளும் அரிது. எழுதப்படாத புத்தம்புது அட்டையைச் சிலர் விரும்புவார்கள். அஞ்சல் வரலாறு சேகரிப்போருக்கோ முத்திரை குத்தி, கப்பலேறி, கைபட்டு வந்த அட்டையே மதிப்புடையது.

2003இல் கூ சல்மா நசுத்தியோனும் மால்கம் வேடும் 1899 முதல் 1930கள் வரையிலான பினாங்கு அட்டைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்கள். 2008இல் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள பழைய கட்டடங்களைச் சீரமைப்போருக்குத் தூண்களின் அமைப்பு, சாளரக் கதவுகள், கடைப் பலகைகள், ஐந்தடி நடைபாதை ஆகியவை முன்பு இருந்த விதத்தை இவ்வட்டைகள் காட்டுகின்றன. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்த கடற்கரை அரசு அலுவலகங்களின் முழு முகப்பையும் அவற்றில் காணலாம். இப்பயன்களுக்குக் குறுக்கே நிற்பவை இரண்டு: ஜெர்மனியில் ஏற்றிய நிறம், தெரு எது என்று சொல்லாத தலைப்பு. முதலாவதை அதே இடத்தின் ஒளிப்பட அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தும், இரண்டாவதைப் பழைய நகர வரைபடங்களோடு பொருத்திப் பார்த்தும் சரிசெய்துகொள்ளலாம்.