ஓர்தா: கூட்டமா, படைவீடா?

வோல்கா ஆற்றங்கரையை ஆண்ட மங்கோலிய அரசைத் தமிழில் 'தங்க நாடோடிக் கூட்டம்' என்று எழுதுகிறார்கள். ஏதோ ஒரு கும்பல் அலைந்து திரிந்ததாகவே அதைப் படிப்பவர் நினைப்பார். மூலச்சொல் சொல்வது வேறு.

துருக்கிய மொழியில் 'ஓர்து', மங்கோலியத்தில் 'ஓர்தோ', ரஷ்யத்தில் 'ஓர்தா': கானின் கூடாரம், அரசவை, பாளையம். செங்கிஸ் கானின் பேரன் பாத்து 1237இல் ரியாசான் நகரையும் 1240இல் கீவ் நகரையும் அழித்தான். பிறகு கீழ் வோல்காவில் சராய் நகரை எழுப்பினான். ரஷ்ய இளவரசர்கள் 'யார்லிக்' என்னும் பதவிப் பட்டயம் வாங்க 'ஓர்தா'வுக்குத்தான் போனார்கள். அவர்களுக்கு அது வரி கேட்கும், வழக்குத் தீர்க்கும் அரசவை. 'பொன்' என்ற அடைமொழி 16ஆம் நூற்றாண்டில்தான் ரஷ்ய எழுத்தில் வந்து சேர்ந்தது.

மேற்கு ஐரோப்பாவுக்குப் போன சொல் வெறும் காட்டுமிராண்டிக் கும்பலாகச் சுருங்கிவிட்டது. துருக்கியில் இன்றும் 'ஓர்து' என்றால் படை. தெற்கே வந்த கிளையோ டெல்லியின் அரசப் பாளையத்தைக் குறித்து, பின்னர் உருது மொழிக்கே பெயரானது.

'கூட்டம்' என்ற சொல் 'ஓர்தா'வுக்குப் போதவே போதாது. படை தங்கும் இடத்துக்குத் தமிழில் 'படைவீடு' இருக்கிறது. சம்புவராய மன்னர்களின் தலைநகரின் பெயரும் அதுவே. பாடநூல் எழுதுவோர் இனி 'பொற்படைவீடு' என்று எழுதட்டும்.