வலியுறுத்தலும் வலுவூட்டலும்

'வலி' என்னும் சொல் பண்டைத் தமிழில் பெரும்பான்மையும் ஆற்றலையே குறித்தது. நோவினைக் குறிக்கும் வழக்கு மேலோங்கியது பிற்காலத்தேயாம். இம்மாற்றத்தால் இடருற்ற சொற்களுள் 'வலியுறுத்தல்' ஒன்று. வலி உறச் செய்தல் என்பதே அதன் உறுப்புப் பொருள். இன்றோ, ஒன்றை அழுத்திக் கூறுதல் என்ற அளவில் அது சுருங்கி நிற்கின்றது. ஆங்கிலத்தார் 'ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்பதற்கு நேராகத் தமிழ் நூல்களில் இன்று பயிலும் சொல் 'வலுவூட்டல்'. அஃது எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கிலச் சொல் படைத்துறையில் வேரூன்றியது. பொருதுகொண்டிருக்கும் படைக்குப் பின்னர் அனுப்பப்பெறும் படை அது. இதனைத் 'துணைப்படை' எனல் முழுதும் பொருந்தாது. வலியறிதல் அதிகாரத்துள் வள்ளுவர் தன்வலியினின்று துணைவலியை வேறு பிரித்தார். படைமாட்சி உரையில் பரிமேலழகர் எண்ணும் அறுவகைப் படையுள்ளும் துணைப்படை மூலப்படையின் வேறாயது. அது நட்பரசர் தருவது. தன் தலைநகரினின்று அரசன் விடுக்கும் படை அன்று.

கட்டடக் கலையில் இடர்ப்பாடு இல்லை. 1867இல் மோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் இரும்புக் கம்பி பொதிந்த காரைத் தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். காரை அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் விரியும். கம்பி அக்குறையை நிரப்புகின்றது. ஒன்றற்கு இல்லாததனை மற்றொன்று தருதலின் 'ஊட்டல்' என்பது நன்கு அமைந்தது. கட்டுமானத் தொழிலாளர்க்கோ 'கம்பி கட்டுதல்' என்பதே போதும்!

உளவியலிலேதான் சிக்கல். கூண்டிலுள்ள எலி நெம்புகோலை அழுத்த உணவு கிடைக்கின்றது, அழுத்துதல் மிகுகின்றது. பிறிதோர் எலி அழுத்த, அதனைத் தாக்கிய மின்னதிர்ச்சி நின்றுவிடுகின்றது. அப்போதும் அழுத்துதல் மிகுகின்றது. பின்னதை 'எதிர்மறை வலுவூட்டல்' என எழுதுகின்றனர். மாணவர் பலர் இதனைத் தண்டனை எனக் கொள்கின்றனர். தண்டனையோ செயலைக் குறைப்பது. இம்மயக்கம் தமிழுக்கே உரியதன்று. ஸ்கின்னரே 1938இல் வெளியிட்ட நூலில் இத்தொடரைத் தண்டனைப் பொருளில் ஆண்டு, 1953ஆம் ஆண்டு நூலில்தான் இன்றைய பொருளுக்கு மாற்றினார். ஆயினும், தமிழில் 'ஊட்டல்' என்பது மயக்கத்தை மிகுவிக்கின்றது. நீக்கப்படும் ஒன்றை ஊட்டப்படுவதாகக் கொள்வது எங்ஙனம்? இங்கு வலுப்பெறுவது எலி அன்று, அதன் செயல்.

'வலியுறுத்தல்' என்னும் பழஞ்சொல்லை இவ்விடத்து மீட்கலாம் எனின், மின்னதிர்ச்சியை அடுத்து அச்சொல் வரக் காண்போர் நோவுறுத்தல் என்றே படிப்பர். ஆதலின் 'அளிப்பால் உறுதியாதல்', 'நீக்கத்தால் உறுதியாதல்' என்பன உளவியற்கு ஏற்றன என்பது எம் கருத்து. 'வலுவூட்டல்' கட்டடத் துறைக்கே நிற்க.