நெஞ்சில் எழுதிய வேதம்

ஒரு நூலை உலகிலிருந்து அகற்ற வேண்டுமானால் அதன் ஏடுகளைத் தீயிலிட்டால் போதும் என்று அதிகாரம் படைத்தோர் பல நாடுகளிலும் பல காலங்களிலும் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இடைக்கால ஐரோப்பாவில் வால்தேசியர் என்னும் எளிய கிறிஸ்தவ மக்கள் மெய்ப்பித்துக் காட்டினர். அவர்களுடைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பிரான்சு நாட்டில் ரோன் ஆற்றங்கரையில் அமைந்த பழைய வணிக நகரம் லியோன். அங்கே வால்தேஸ் என்னும் பெருவணிகர் வாழ்ந்தார். ஏறத்தாழ 1173ஆம் ஆண்டில் அவர் தம் செல்வத்தை ஏழைகளுக்கு வழங்கி, வறுமை வாழ்வை மேற்கொண்டார். அக்காலத்தில் மேற்கு ஐரோப்பியக் கோயில்களில் வேதாகமம் இலத்தீன் மொழியிலேயே ஓதப்பட்டது. காதில் விழும் வாசகத்தின் பொருள் கருத்தில் படியாத குறை வால்தேஸை வருத்தியது. ஆகவே அவர் இரு குருமாருக்குப் பொருள் கொடுத்து, நற்செய்தி நூல்களையும் வேதாகமத்தின் வேறு சில பகுதிகளையும் மக்கள் பேசும் மொழியில் பெயர்க்கச் செய்தார். ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதினார். எழுதியவர் பிற்காலத்தில் கூறிய இச்செய்தியை, சமய விசாரணை அதிகாரியாக விளங்கிய துறவி ஒருவர் தம் நூலில் குறித்து வைத்துள்ளார்.

பொருள் விளங்கியதும் வால்தேஸும் அவர்தம் தோழர்களும் வாளாவிருக்கவில்லை. தெருக்களிலும் சந்தைகளிலும் நின்று போதிக்கலாயினர். 1179இல் அவர்களுட் சிலர் உரோமாபுரிக்குச் சென்று முறையிட்டனர். போப்பாண்டவர் மூன்றாம் அலெக்சாந்தர் அவர்களுடைய வறுமை நோன்பைப் போற்றினார். ஆயினும் உள்ளூர்க் குருமாரின் இசைவின்றிப் போதித்தல் கூடாது என்றார். அவர்கள் போதிப்பதைக் கைவிடவில்லை. 1184இல் வெரோனா நகரில் போப்பாண்டவர் மூன்றாம் லூசியஸ் அவர்களைத் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று விலக்கினார்.

கல்லாதார் தத்தம் மனம் போனவாறு மறைநூலுக்குப் பொருள் கொண்டால் சபையின் ஒருமை சிதறும் என்பது அந்நாளைய தலைவர்களின் அச்சம். அவ்வச்சம் சட்டமாக மாறியது. 1229இல் தூலூஸ் நகரில் கூடிய சங்கம், பொதுமக்கள் பழைய ஏற்பாட்டையோ புதிய ஏற்பாட்டையோ வைத்திருக்கலாகாது என்று விதித்தது. சங்கீதமும் சில செப நூல்களும் மட்டுமே விலக்குப் பெற்றன. அவையும் மக்கள் மொழியில் இருத்தல் கூடாது. 1234இல் தாரகோனா நகரத்துச் சங்கம், மக்கள் மொழி வேதாகமம் உடையோர் எட்டு நாட்களுக்குள் அதனை ஆயரிடம் ஒப்படைக்க வேண்டும், அது எரிக்கப்படும் என்று ஆணையிட்டது.

ஏடு கையில் இருந்தால் ஆபத்து. எனவே அம்மக்கள் வேதத்தை ஏட்டிலிருந்து நெஞ்சுக்கு மாற்றினர். 1260ஆம் ஆண்டுகளையொட்டி, பாஸாவ் மறைமாவட்டத்தில் பெயர் குறிக்காது எழுதிய குருவானவர் ஒருவர் தாம் கண்டதையும் கேட்டதையும் விவரித்துள்ளார். எழுத்தறியாத உழவன் ஒருவன் யோபின் நூலைச் சொல் பிசகாது ஒப்புவித்தான். புதிய ஏற்பாடு முழுவதையும் மனப்பாடமாக அறிந்தோரும் இருந்தனர். ஆடவரும் பெண்டிரும் பகலெல்லாம் உழைத்து, இரவில் கற்றனர், கற்பித்தனர். ஏழே நாள் பயின்றவனும் தனக்கொரு மாணாக்கனைத் தேடினான். தனக்கு நினைவாற்றல் இல்லை என்று தயங்கியவனிடம், நாளுக்கு ஒரு சொல்லைக் கற்றாலும் ஆண்டு முடிவில் முந்நூறு சொற்கள் சேருமே என்று தேற்றினர். ஒருவனுக்குப் போதிப்பதற்காகக் கடுங்குளிர்காலத்து இரவில் இப்ஸ் என்னும் ஆற்றை நீந்திக் கடந்தவனும் உண்டு.

இவற்றை எழுதியவர் அவர்களுடைய நண்பர் அல்லர். அவர்களை ஒழிக்க விரும்பியவர். இத்தகைய ஊக்கம் தம்மவரிடம் இல்லையே என்ற ஏக்கமும் அவர் எழுத்தில் தொனிக்கிறது. பகைவர் தரும் சான்றினும் உறுதியான சான்று வேறு எது?

காலப்போக்கில் வால்தேசியர் பலர் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் நிலைபெற்றனர். அவர்களுடைய போதகர்களுக்குப் ‘பார்பா’ என்று பெயர். அது சிற்றப்பா, மாமா என்பன போன்றதோர் உறவுச்சொல். மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக இருவர் இருவராய் அவர்கள் ஊர் ஊராய்ச் சென்றனர். இளைஞர்கள் குளிர்கால மாதங்களில் மூன்று நான்கு ஆண்டுகள் பயின்று, மத்தேயு, யோவான் நற்செய்திகளையும் நிருபங்கள் பலவற்றையும் மனனம் செய்தனர். அவர்களிடையே வழங்கிய கையெழுத்து நூல்கள் உள்ளங்கையில் அடங்கும் அளவின. ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்கவை.

1488இல் போப்பாண்டவரின் ஆணையின்பேரில் அம்மலைநாட்டின்மீது படையெடுப்பு நிகழ்ந்தது. பலர் மாண்டனர், எஞ்சியோர் நூலை விடவில்லை. 1532இல் ஆங்ரோன்யா பள்ளத்தாக்கில் கூடிச் சீர்திருத்த இயக்கத்தோடு இணைந்த அவர்கள், பிரெஞ்சு மொழி வேதாகமம் ஒன்றை அச்சிடவும் பொருளுதவ இசைந்தனர். ஒலிவெத்தான் மொழிபெயர்த்த அந்நூல் 1535இல் வெளிவந்தது. நெஞ்சில் சுமந்த சொல் அச்சில் ஏறியது.

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1655இல் சவாய் அரசின் படைகள் அவர்களைக் கொன்று குவித்தன. அதுபற்றி முறையிட இங்கிலாந்து அனுப்பிய தூதர் சாமுவேல் மார்லண்டு, அம்மக்களிடமிருந்து பெற்ற சிறு கையெழுத்துப் படிகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு 1658இல் அளித்தார். அவற்றுட் சில தொலைந்தன என்றே நெடுநாள் கருதப்பட்டன. 1862இல் அந்நூலகத்திலேயே மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 1848இல் வால்தேசியருக்குக் குடியுரிமைகள் கிடைத்தன. 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் டூரின் நகரத்து வால்தேசியர் ஆலயத்துக்குச் சென்ற போப்பாண்டவர் பிரான்சிஸ், கடந்த காலக் கொடுமைகளுக்காக மன்னிப்பு வேண்டினார்.

அவ்வாலயத்தில் அமர்ந்திருந்தோரின் முன்னோர் பேரரசர்களோ பெரும்புலவர்களோ அல்லர், உழவரும் தொழிலாளருமே. தமக்கு விளங்கும் மொழியில் தம் மறையை அறிதல் வேண்டும் என்பது ஒன்றே அவர்கள் கேட்ட உரிமை. அதற்காக அவர்கள் ஏந்திய கருவி நாளுக்கு ஒரு சொல். பெற்றோரிடம் கற்ற சொற்களைத் தொலைவிலுள்ள ஊர்களில் தம் மக்களுக்கு மாலைதோறும் கற்பிக்கும் நேயர்களுக்கு, அக்கருவியின் வலிமை நன்கு விளங்கும்.